செல்லப்பன் கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள்

நான் வேலை பார்த்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் எங்கள் கண் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாமல், சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்த அறை அது. விழித்திரையின் மின்னலைகளை அங்கேதான் பதிவு செய்வோம். இப்போது சுவருக்கு வெள்ளையடித்து ஒரு கேமராவை வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளி அதில் முகவாயை வைத்தால் போதும். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரே அதைப் பார்த்து, 'பாதிப்பு இல்லை, அடுத்த ஆண்டு வரவும்' என்று ஒரு சீட்டை நீட்டிவிடுகிறது.

திறப்பு நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்த ரேஷ்மா விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டாள். "பழைய காரியங்கள் எல்லாம் எழுதுங்க மேடம். சந்தோஷமாயிட்டு எழுதணும், கேட்டோ" என்றாள். வீட்டுக்கு வந்து சந்தோஷமாக எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை. பிறகு கோபமாக எழுத ஆரம்பித்தேன். அது நிற்காமல் வந்தது. மலரில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

கேமராவின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரத்தக்கசிவு இருந்தால் அது சரியாகவே பிடிக்கிறது. மலைக்கும் கடற்கரைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். எத்தனையோ பேருடைய பார்வை அதனால் தப்பும். என் கோபம் அந்தச் சீட்டில் இருக்கும் வாக்கியத்தின் மேல். 'படத்தில் பாதிப்பு தெரியவில்லை' என்று அச்சடித்திருந்தால் நான் பேசாமல் பாயசம் குடித்துவிட்டு வந்திருப்பேன். 'பாதிப்பு இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதே 'இல்லை'யை வைத்துத்தான் ஒரு மனிதரைப் பொய்யனாக்கினார்கள். அது நடந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். ஆரியசாலையில் என் அப்பாவுக்கு வத்தல், மல்லி மொத்த வியாபாரம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்த ஒன்று. உயிர்வேதியியல் படித்தேன். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். பைப்பெட் பிடிக்கவும் எலி பிடிக்கவும் பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலி கடித்தது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் லீலாமணி. கண் அறுவை சிகிச்சையில் நல்ல பெயர் எடுத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. நாம் ஏதாவது முடிவைச் சொன்னால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வார், சொல்ல நமக்கு உரிமையில்லாத சொல்லை மட்டும் எடுத்துவிட்டு. "சர்க்கரை வந்த எல்லா எலிக்கும் குளூட்டமேட் நிச்சயமா கூடுது மேடம்" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம எலிகளுக்குக் கூடுது" என்றார். 'எல்லா'வும் போய்விட்டது, 'நிச்சயமா'வும் போய்விட்டது. அன்று எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவரோடு பேசும்போது வாயைத் திறப்பதற்கு முன்பே சொற்களை உதறிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

குளூட்டமேட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அது ஓர் அமினோ அமிலம். நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இருப்பதுதான். ஆனால் விழித்திரைக்குள் அதற்கு வேறு வேலை. வெளிச்சத்தை வாங்கும் செல்கள் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்வது அதன் மூலமாகத்தான். சேதி சொல்லி முடிந்ததும் அது அங்கேயே தேங்கிக் கிடக்கக் கூடாது. முல்லர் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவைதான் அதை அள்ளிக்கொண்டு போய்க் குளூட்டமின் என்ற ஆபத்தில்லாத பொருளாக மாற்றி வைக்கும். காபா, கிளைசின் என்று இன்னும் இரண்டு அமினோ அமிலங்கள் சேதியை அடக்கி ஒழுங்குபடுத்துகின்றன. எது விளிம்பு, எது பின்னணி என்று பிரித்துக் காட்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடு குலைகிறது. அள்ளும் வேலை மந்தமாகிறது, குளூட்டமேட் தேங்குகிறது, அடக்கும் கை தடுமாறுகிறது. தேங்கிய குளூட்டமேட் நரம்புச் செல்லைக் கொல்லவும் செய்யும். இவ்வளவும் நடக்கும்போது ரத்தக்குழாய்கள் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். எங்கள் எலிகளில் நாங்கள் கண்டது இதைத்தான். லீலாமணி டாக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்போடுதான் 'எங்கள் எலிகளில்' என்று எழுதுகிறேன்.

அளப்பது லேசான வேலையில்லை. உயிர் போனதுமே திசுவுக்குள் அமினோ அமிலங்களின் அளவு மாற ஆரம்பித்துவிடும். தாமதித்தால் நாம் அளப்பது நோயை அல்ல, நம்முடைய மந்தத்தை. ஐஸ் தட்டின் மேல் கண்ணை வைத்து, முன்பாதியை வெட்டி நீக்கி, லென்ஸை எடுத்துவிட்டு, ஈரமான வெங்காயத் தோல் போன்ற விழித்திரையை மெல்லிய பிரஷ்ஷால் பிரித்து எடுக்க வேண்டும். எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட வேண்டும். பிறகு அமிலத்தில் அரைத்து, சுழற்றித் தெளிய வைத்து, ஒளிரும் பொருள் ஒன்றைச் சேர்த்துக் கருவிக்குள் செலுத்தினால், காகிதத்தில் பேனா மேடு மேடாக வரைந்துகொண்டு போகும். முதலில் வரும் மேடுகளில் ஒன்று குளூட்டமேட். நடுவில் ஒரு குன்று மாதிரி டாரின் என்ற இன்னோர் அமிலம். கடைசியை ஒட்டிக் காபா. அந்தக் காகிதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற பொழுதுகளில் நான் பசியை உணர்ந்ததில்லை.

மனிதர்களிடம் விழித்திரையை வெட்டி எடுக்க முடியாது. அதனால் வெளியிலிருந்து கேட்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கறுப்பு அறை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும், இருட்டில் அரைமணி நேரம் உட்கார வைப்போம். மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கீழ் இமையோரம் மெல்லிய வெள்ளி இழை ஒன்றை வைப்போம். நோயாளி ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். பளிச்சென்று ஒரு வெளிச்சம். திரையில் ஒரு பள்ளம், அடுத்து ஒரு பெரிய அலை. அந்தப் பெரிய அலை ஏறும் சரிவில் சின்னச் சின்னச் சிற்றலைகள் துடிக்கும். காபாவும் கிளைசினும் வேலை செய்யும் உள்ளடுக்கிலிருந்து அவை வருகின்றன. சர்க்கரை வந்தவர்களில் சிலருக்கு, ரத்தக்குழாயில் ஒரு புள்ளிகூட இல்லாதபோதே, அந்தச் சிற்றலைகள் தாமதமாக வந்தன, அல்லது படுத்துக் கிடந்தன.

இதைச் சரியாகப் பார்ப்பதற்காக, சர்க்கரை இருந்தும் கண் 'சுத்தமாக' இருப்பவர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அப்படி வந்தவர்தான் செல்லப்பன்.

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் ஜீப் டிரைவர். தென்காசிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருக்கும் பிள்ளைகளைக் காலையில் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் ஏற்றிக்கொண்டு வருவது அவர் வேலை. தோட்டத்து டாக்டர் அவருடைய கண்ணைப் பார்த்து, பார்வை முழுசாக இருக்கிறது, விழித்திரையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். எங்களுக்கு வேண்டியவர் அப்படிப்பட்டவர்தான். செல்லப்பனோ வேறு ஒன்றுக்காக வந்திருந்தார். யாராவது தன்னை நம்ப வேண்டும் என்பதற்காக.

"சாயங்காலம் மஞ்சு எறங்குச்சுன்னா ரோடும் ஓரமும் ஒண்ணாப் போயிருது மேடம்" என்றார். 'மஞ்சு' என்று அவர் சொன்னது மூடுபனியை. "வெளிச்சம் இருக்கு. ஆனா ரோடு எங்க முடியுது, பள்ளம் எங்க ஆரம்பிக்கின்னு பிரிச்சுக் காட்ட மாட்டேங்கு."

சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் படித்தார்.

"நல்லாத்தானே படிக்கிறீங்க, அண்ணாச்சி" என்றேன்.

"கறுப்பு எழுத்த வெள்ளைப் பலகைல எழுதுனா தெரியாமலா போவும்? எங்க மலைல ரோட்ட அப்படியா எழுதி வச்சிருக்காவ?"

அதே அளவு எழுத்து வரிக்கு வரி மங்கிக்கொண்டே போகும் இன்னொரு பலகை எங்களிடம் இருந்தது. அதை மாட்டினேன். அவருடைய வயதுக்காரர்கள் சாதாரணமாகத் தாண்டும் வரிகளில் அவர் நின்றுவிட்டார். கண்ணைக் கசக்கினார். "இதுல எழுத்து இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

கறுப்பு அறையில் லீலாமணி டாக்டரே இழையை வைத்தார். "செல்லப்பா, பேடிக்கண்டா, பயப்பட வேண்டா, வலிக்காது" என்றார். வெளிச்சம் மின்னியது. பெரிய அலை ஓரளவுக்கு எழுந்தது. அதன் சரிவில் துடிப்பே இல்லை. வெறும் வழுக்கு. மறுபடியும் எடுத்தோம், வேறொரு நாள் வரச்சொல்லியும் எடுத்தோம். அதேதான்.

என்ன நடந்தது என்று அவர் சொன்னது அந்த இரண்டாவது நாளில்தான். மாலை ஓட்டத்தை வேறு யாருக்காவது கொடுங்கள், காலையில் நான் ஓட்டுகிறேன் என்று மேனேஜரிடம் பல தடவை கேட்டிருக்கிறார். ஆளில்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒருநாள் மாலை பிள்ளைகளோடு ஏறி வரும்போது பனி மூடியிருக்கிறது. பாதி வழியில் ஒரு வளைவில் ஜீப்பை மலையோடு அணைத்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை அண்டைகொடுத்துவிட்டு, பிள்ளைகளை இறக்கிக் கைகோக்கச் சொல்லி, தான் முன்னால் நடந்து அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டு வீடு சேர்ந்தன. லயத்தில் எல்லாரும் அவரை ஏசினார்கள். கம்பெனி வண்டியை வழியில் விட்டுவிட்டு வந்தார் என்று தோட்டத்து ஆபீஸில் குற்றச்சாட்டு எழுதினார்கள்.

"ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா கேட்டா, எம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நீ பாப்பியான்னு. காய்ச்சல் வந்தா மருந்து இருக்கு தாயின்னேன். அவளுக்கு அது வெளங்கல" என்றார் செல்லப்பன்.

விசாரணைக்கு லீலாமணி டாக்டரைச் சாட்சியாகக் கூப்பிட முடியுமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். டாக்டர் உடனே சரி என்றார். பதிவுகளை விளக்க என்னையும் கூட்டிக்கொண்டார்.

தோட்டத்து ஆபீஸில் விசாரணை. டவுனிலிருந்து கம்பெனி அமர்த்திய ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. பக்கத்தில் மேனேஜர், அவருக்கு அடுத்துத் தோட்டத்து டாக்டர். செல்லப்பனுக்கு நாற்காலி போடவில்லை. வெளியே வராந்தாவில் அவர் மனைவி பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். கொழுந்து பறிக்கிறவர், வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நான் தமிழில் பேசியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்க படிச்சவிய. அவருக்கு ஏத்திக் குடுக்காதீய. கண்ணுல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடுக்கச் சொல்லுங்க. லயத்துல என்னால தலையத் தூக்கி நடக்க முடியல."

"அவருக்கு நெஜமாவே தெரியல அக்கா" என்றேன்.

"பேப்பர் படிக்காரு. நான் போட்ட சோத்துல கல்லு கெடந்தா எடுத்துப் போடுதாரு. இது மட்டும் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே முதலில் தோட்டத்து டாக்டர் பேசினார். எழுத்துப் பலகையில் முழுப் பார்வை, விழித்திரை நார்மல், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. "இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. மலை ஓட்டம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார். நேரடியாகப் பொய் என்று சொல்லவில்லை. வக்கீல்தான் "அதாவது நடிப்பு" என்று எடுத்துக்கொடுத்தார். டாக்டர் மறுக்கவில்லை.

பிறகு லீலாமணி டாக்டரை நோக்கி வக்கீல் திரும்பினார். பேச்சு மலையாளத்தில் நடந்தது. எனக்கு இன்றைக்கும் ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது.

"டாக்டர், இவருடைய கண்ணில் ரத்தக்கசிவு உண்டா?"

"இல்லை."

"வீக்கம்?"

"இல்லை."

"அப்படியானால் நார்மல்."

"ரத்தக்குழாய்கள், நமக்குத் தெரிந்த அளவுக்கு, நார்மல்" என்றார் லீலாமணி டாக்டர். "விழித்திரை என்பது ரத்தக்குழாய் மட்டுமில்லை. அது நரம்புத் திசு. இவருடைய விழித்திரையில் ஒரு செல் அடுத்த செல்லோடு பேசுவதில் கோளாறு இருக்கிறது. அந்த அலைகள் இதோ."

"இந்த ஆள் வேண்டுமென்றே அப்படிக் காட்டியிருக்கலாமே?"

"முடியாது. நாங்கள் அவரிடம் எதையும் கேட்பதில்லை. வெளிச்சம் போடுகிறோம், விழித்திரை பதில் சொல்கிறது. அவர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது."

 தோட்டத்து டாக்டர் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார்.

"இந்த அலை இல்லாததால்தான் இவருக்குப் பனியில் ரோடு தெரியவில்லை என்று உறுதியாகச் சொல்வீர்களா? ஆம், இல்லை என்று சொன்னால் போதும்."

லீலாமணி டாக்டர் யோசித்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தன்னுடைய வாக்கியத்திலிருந்தே சொற்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இரண்டும் அவரிடம் இருக்கிறது. ஒன்றால்தான் மற்றது என்பது இன்னும் அறியில்லை" என்றார்.

"அறியில்லை?"

"அறியில்லை. சந்தேகம் இருக்கும்போது அவரை அந்த வேளையில் வண்டி ஓட்டச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து."

இரண்டாவது வாக்கியத்தை எழுதிக்கொள்ளவே இல்லை. 'வல்லுநருக்கே தெரியவில்லை' என்று வக்கீல் சத்தமாகச் சொல்லிக் கிளார்க்கை எழுத வைத்தார். எலிகளை வைத்துத்தானே இந்த ஆராய்ச்சியெல்லாம் என்று தோட்டத்து டாக்டர் கேட்டார். தொடக்கம் அப்படித்தான் என்றார் லீலாமணி டாக்டர். "எலிக்கு ஜீப் ஓட்ட வேண்டாமே" என்றார் தோட்டத்து டாக்டர். மேனேஜர் சிரித்தார். வக்கீலும் சிரித்தார். செல்லப்பனுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், இவர் படித்த மங்கல் பலகையை இங்கே கொண்டுவந்திருக்கிறோம். நீங்களும் படியுங்கள், டாக்டரும் படிக்கட்டும், பிறகு இவர் படிக்கட்டும்" என்றேன்.

"நிங்கள் டாக்டரானோ?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லை."

"எங்கில் இரிக்கணும்."

உட்கார்ந்தேன். அந்தப் பலகை மேஜைக்குக் கீழே சுருட்டியபடியே கிடந்தது. அன்று அவர்கள் அதை விரித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் செலவாகியிருக்கும். ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்ற ஐந்து நிமிடம். அதைக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. அறியாமையை நான் மன்னிப்பேன். நானும் பாதி வாழ்க்கை அறியாமையில்தான் வேலை செய்தேன். பார்க்க மறுப்பதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது காரில் நான் லீலாமணி டாக்டரிடம் அதுவரை பேசாத குரலில் பேசினேன்.

"மேடம், வண்டி ஓட்டத் தகுதியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அவங்களால எதிர்த்துப் பேச முடியாது. நீங்க பெரிய டாக்டர்."

"அறியாத்தத அறியும்னு நான் சொன்னா, அந்த டாக்டருக்கும் எனக்கும் எந்தா வித்யாசம், கோமதி?"

"அவர் தெரியாததத் தெரியும்னு சொல்லி ஜெயிச்சுட்டார். நீங்க தெரியலன்னு உண்மையைச் சொல்லித் தோத்துட்டீங்க. நடுவுல செல்லப்பன் பொய்யனாயிட்டார்."

 வளைவுகளில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பனி எழும்ப ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். ரோட்டோரம் வரைக்கும் மெல்ல நடந்து போய், காலால் தடவிப் பார்த்து நின்றார். நானும் இறங்கினேன். சாம்பல் நிறத் தார், சாம்பல் நிறப் பனி, அதற்கப்பால் சாம்பல் நிறமாக ஒன்றுமில்லாதது. எனக்குச் சர்க்கரை கிடையாது, கண்ணில் எல்லா அலையும் உண்டு. அப்படியும் விளிம்பு எங்கே என்று நான் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"விசாரணையை இவிட வச்சிருக்கணும்" என்றார் அவர்.

கம்பெனி தீர்ப்புச் சொன்னது. உடம்பில் குறையில்லாமல் வேலையை மறுத்தார் என்று முடிவு கட்டி, செல்லப்பனை டிரைவர் வேலையிலிருந்து நீக்கி, ஃபேக்டரியில் விறகு அடுக்கப் போட்டார்கள். ஜீப்புக்கு வேறு ஆளைப் பார்த்தார்கள். மாலை ஓட்டத்துக்கு ஆளில்லை என்று சொன்னவர்களுக்கு அப்போது ஆள் கிடைத்தது.

லீலாமணி டாக்டர் சும்மா இருக்கவில்லை. இப்படிப்பட்டவர்களை இன்னும் பலரைத் தேடிப் பிடித்து, அலையையும் மங்கல் பலகையையும் சேர்த்தே பார்க்கும் வேலையைத் தொடங்கினார். ஓய்வு பெறும்வரை அதைச் செய்தார். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தக் கார்ப் பயணம் அப்படியே கிடந்தது. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சரியான பேச்சு ஒரு மனிதரைக் கைவிடும் என்பதும் அன்றிலிருந்து தெரியும். இன்றுவரை இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து, லேசர் பிரிவின் வெளியே பெஞ்சில் செல்லப்பன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஒரு கண்ணில் ரத்தம் கசிந்து பார்வையை மறைத்துவிட்டது, இன்னொன்றிலும் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் அதே டாக்டர்தான் பார்த்து, சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"இப்ப எனக்கு வியாதி இருக்குன்னு ஒத்துக்கிட்டாவ மேடம்" என்றார். "மேனேஜர் வீட்டுக்கே வந்து விசாரிச்சாரு. லேசான வேலை தாரேன்னுட்டாரு. எல்லாரும் ஐயோ பாவம்ங்காவ."

அந்த 'ஐயோ பாவ'த்தைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண் கெடாமல் இருந்தபோது உண்மையைச் சொன்ன மனிதர் நடிகர். கண் கெட்ட பிறகு அவர் பாவம். ரத்தம் வந்தால்தான் நம்புவோம் என்பது மருத்துவமா? அந்த வக்கீலைத் தேடிப் போகலாமா, டாக்டருக்கு எழுதலாமா என்று என்னென்னவோ சொன்னேன். இப்போது பல நாடுகளிலும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், ரத்தக்குழாய் கெடுவதற்கு முன்பே நரம்பு கெடத் தொடங்கலாம் என்று புத்தகத்திலேயே வந்துவிட்டது என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுகள விடுங்க மேடம். ஒரே ஒரு ஒதவி செய்வியளா? எங்க வீட்டுல இன்னும் நம்பல. இப்ப வந்தத நம்புதா. அன்னைக்கு வந்தத நம்பல. அன்னைக்கு நீரு வம்பு பண்ணுனதுக்குத்தான் சாமி இப்ப தந்துட்டுங்கா. நீங்க வந்து அவகிட்ட ஒரு தடவ சொல்லணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். லயத்து வீட்டில் பேச்சியம்மாள் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். செல்லப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் விறுவிறுவென்று சொல்லவில்லை. கண்ணுக்குள்ளே ஒரு செல் அடுத்ததற்குச் சேதி சொல்லும் என்பதில் தொடங்கினேன். சர்க்கரை வந்தால் அந்தச் சேதி குழம்பும், பளிச்சென்று இருப்பது தெரியும், மங்கலாக இருப்பது பிரியாது, அப்போது படம் எடுத்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும் என்றேன். சோற்றில் கிடக்கும் கறுப்புக் கல் தெரிந்தவருக்குப் பனியில் ரோட்டு விளிம்பு தெரியாமல் போவது எப்படி என்றும் சொன்னேன்.

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்குத் தெரியலன்னு சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் அக்கா. பிள்ளைகள எறக்கி நடக்க வச்சாரே, அது தனக்கு ரோடு தெரியலன்னு புரிஞ்சுதான் செஞ்சார்."

"டாக்டர் ஒண்ணுமில்லன்னாரே."

"படத்துல ஒண்ணும் தெரியல. அதத்தான் அவர் அப்படிச் சொன்னார்."

பேச்சியம்மாள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது, என் கோபத்தைவிடப் பெரிதாக.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? ஒண்ணுமில்லன்னு எதுக்குச் சொன்னாவ? அதக் கேட்டுட்டு நான் இந்த மனுசன ஏசாத ஏச்சு கெடையாது. ஒரே வீட்டுல மொகம் பாத்துப் பேசாமக் கெடந்தேன்."

 அவர் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது எங்கிட்ட இன்னொரு தடவ சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன்" என்றார் செல்லப்பன்.